நான்கு மணிப் பாலம்

ஜனவரி 12

அன்புள்ள இளைய சகலைக்கு,

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. மற்ற உறுப்புகள் இன்னும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கின்றன. நீயும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உன் மருந்துக் கடைக்கு அனுப்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் கையெழுத்தைப் பார்த்தால் சின்னவளுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது. அறுபத்தாறு வயதில் ஒளித்துக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் சகலைக்கு. அவள் அக்கா, என் பெரியவள், இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

உன்னைக் கடைசியாகப் பார்த்தது உன் மகள் கல்யாணத்தில். நான் உள்ளே வந்தால் நல்ல நாளில் சின்னவள் முகம் வாடும் என்று மண்டப வாசலிலேயே நின்றேன். நீ காப்பி கொண்டுவந்து கொடுத்தாய். இருவரும் நின்றபடியே குடித்தோம். அக்காவைச் சாகக் கொடுத்தவன் என்று அவள் என்னை ஒதுக்கிவைத்தபோது, உறவு என்று எனக்கு மிஞ்சியது நீ ஒருவன்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். படகை வெளியே எடுத்துவிட்டேன்.

ஐந்து வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இன்ஜினைப் பிரித்து, துடைத்து, கெட்டுப்போன குழாய்களை மாற்றி, போன செவ்வாய்க்கிழமை முடுக்கினேன். இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக மேலேயும் கீழேயும் போய்வந்தவன், மிச்ச நாளைக்குப் பக்கவாட்டில் போகலாம் என்றிருக்கிறேன்.

நானும் பெரியவளும் கிளம்பிய அந்த உட்கழிப் பாதை உனக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் வரிசையாக மணல் தீவுகள். தீவுகளுக்கு அந்தப் புறம் கடல் என்ன குதி குதித்தாலும் உள்ளே தண்ணீர் தொட்டியில் நிற்பதுபோல நிற்கும். ஏழு நாள் பயணம். நாங்கள் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டோம். அதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நாலு நாள் பாக்கி கிடப்பதுபோல் இருக்கிறது.

தனியாக முடியாது. படகைத் துறையில் கட்டும்போது ஒருவன் சுக்கானில் நிற்கவேண்டும், ஒருவன் கயிற்றோடு குதிக்கவேண்டும். என் முழங்கால் குதிக்காது. ஏப்ரல் நடுவில் ஏழு நாள் கடையை யாரிடமாவது விட்டுவிட்டு வருவாயா?

யோசித்து எழுது. வராவிட்டாலும் எழுது.

உன் மூத்த சகலை

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இருமல் மருந்துகளுக்கும் கண் சொட்டு மருந்துகளுக்கும் நடுவில் நின்று நாலு தடவை படித்தேன். ஒரு அம்மா வந்து, "தலைவலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டார். வயிற்றுவலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். நல்லவேளை, அவரே அட்டையைப் படித்துவிட்டார்.

இத்தனை நாள் கழித்து எழுதுகிறீர்களே என்று எனக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் நானும் எழுதவில்லை. அதனால் அந்தக் குறையை மடித்து வைத்துவிடுகிறேன்.

கட்டாயம் வருகிறேன். கடையைப் பார்த்துக்கொள்ள என் பழைய கூட்டாளி இருக்கிறார். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். படகில் என்னைவிட உங்கள் முழங்காலே அதிகம் உபயோகப்படும். இருந்தாலும் வருகிறேன்.

சின்னவள் சுகம். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அக்காவின் படத்தைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றியிருக்கிறாள். உங்களைப் பற்றிய பேச்சு இன்னும் வீட்டில் கிடையாது. மகள் ஒருநாள் பெரியப்பாவுக்குப் போன் செய்யவா என்று கேட்டதற்கு, சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதனால் மருந்துக் கடைக்காரர்கள் மாநாடு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். வருஷா வருஷம் நடப்பதுதான், சந்தேகம் வராது.

என்னென்ன எடுத்துவர வேண்டும்? முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு.

தம்பி சகலை

*

பிப்ரவரி 2

அன்புள்ள இளைய சகலைக்கு,

நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்துவிட்டுத் தெருமுனை வரை ஒரு காரணமும் இல்லாமல் நடந்துவிட்டு வந்தேன். முழங்கால் கூட ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய மேசையில் வரைபடத்தை விரித்துவைத்திருக்கிறேன். நாலு மூலையிலும் நாலு ஸ்பானர். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். திட்டம் இதுதான். முதல் நாள் விடிந்ததும் கிளம்பி, நாணல் தீவுகளுக்குப் பின்னால் நங்கூரம் போடுகிறோம். அங்கே ஆழம் குறைவு. நீ முன்னால் உட்கார்ந்து மிதவைகளைப் பார்த்துச் சொல்லவேண்டும். சிவப்பு வலதுகைப் பக்கம், பச்சை இடதுகைப் பக்கம். மாற்றிச் சொன்னால் சேற்றில் ஏறிவிடுவோம், அப்புறம் அடுத்த நீரேற்றம் வரும்வரை சீட்டாட வேண்டியதுதான். இரண்டாம் நாள் சந்தைத் துறை. அங்கே வீடுகளை ஒட்டியே வழி போகிறது. வேகமாகப் போனால் நம் அலை அவர்கள் படகுகளை முட்டும், மாடியிலிருந்து திட்டுவார்கள். அதனால் நடந்துபோவதுபோலப் போகவேண்டும். மூன்றாம் நாள் மதியம் டீசல் துறை. தொட்டியை நிரப்பிக்கொண்டு நேராகத் தூக்குப் பாலம். அது காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் மட்டும்தான் தூக்குவார்கள். விட்டால் மறுநாள்தான்.

அந்தப் பாலத்தைத் தாண்டிய பிறகு வழி எனக்கும் தெரியாது. அகலமான காயல் ஒன்று, பிறகு வளைவுகள், ஏழாம் நாள் முகத்துவாரம். வரைபடத்தில் அந்தப் பகுதியில் பெரியவள் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் போட்டுவைத்திருக்கிறாள். எங்கே நின்று டீ போடலாம் என்று பார்த்துவைத்தாளாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சின்னவளிடம் பொய் சொல்லிவிட்டு வராதே. பாலம் மூடிவிடும் என்று நான் படகை ஓட்டிக்கொண்டே போனேன், மனைவி உள்ளே முடியாமல் படுத்திருந்ததைப் பார்க்கவில்லை என்று அன்றைக்கு அவள் சொன்னாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாதே. நான் அதை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். அவளிடம் உள்ளதைச் சொல். போகக்கூடாது என்றால் வராதே. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அவளுக்குத் தெரிந்து நீ வந்தால் எனக்கு நிம்மதி.

முதலுதவிப் பெட்டி சரி. அரை டாக்டர் நீ கூட இருந்தால் எனக்குப் பாதி வியாதி கிட்டே வராது.

உன் மூத்த சகலை

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டுத்துணியை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடப் பழகுகிறேன். நீங்கள் படம் போட்டு அனுப்பிய அந்த வளைய முடிச்சு மூன்றில் ஒரு தடவை நிற்கிறது. மற்ற இரண்டு தடவை அவிழ்ந்துவிடுகிறது. கல்லாவுக்குப் பின்னால் நான் எதையோ கட்டிக்கட்டி அவிழ்ப்பதைப் பார்த்து எதிர்க் கடைத் தையல்காரர், "என்னாச்சு சார், யாரையாவது கட்டிவைக்கப் போறீங்களா?" என்றார்.

சின்னவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்கிறேன். இரண்டு தடவை வாய்வரை வந்தது. ஒருநாள் அவள் சந்தோஷமாக இருந்தாள், கெடுக்கவேண்டாம் என்று விட்டேன். ஒருநாள் அவள் வருத்தமாக இருந்தாள், கூட்டவேண்டாம் என்று விட்டேன்.

அண்ணே, மூன்றாம் நாள் திட்டத்தில் ஒரு யோசனை. அந்த டீசல் துறையில் நிற்காமலே போனால் என்ன? சந்தைத் துறையிலேயே இரண்டு கேன் டீசல் அதிகமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமே. அங்கே நின்றால் உங்களுக்கும் பழையதெல்லாம் கிளறும். நேரமும் மிச்சமாகும். காலைப் பாலத்தையே பிடித்துவிடலாம்.

முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். தினமும் இரண்டு வேளை. அதிகமாகத் தேய்க்காதீர்கள்.

தம்பி சகலை

*

பிப்ரவரி 24

அன்புள்ள இளைய சகலைக்கு,

களிம்பு வந்தது. வாசனைக்கே வலி ஓடிவிடுகிறது.

கேன் யோசனை ஆகாது. படுக்கிற அறைக்குள் டீசல் கேனை வைத்துக்கொண்டு யார் தூங்குவது? சந்தைத் துறையில் டீசலும் கிடையாது, மீனும் காய்கறியும்தான். தொட்டியும் அவ்வளவு தூரம் தாங்காது. அங்கே நின்றுதான் ஆகவேண்டும். எனக்குக் கிளறும் என்று நீ கவலைப்படுவது புரிகிறது. கிளறட்டும் என்றுதானே கிளம்புகிறேன்.

ஏப்ரலில் துறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு அந்த டீசல்காரருக்கு ஒரு கார்டு போட்டேன். போன வாரம் பதில் வந்தது. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை என்று எழுதிவிட்டு, கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறார். என்னை நினைவிருக்கிறதாம். பெரியவள் காலமான செய்தி பாலத்துக்காரர் மூலம் அன்றைக்கே அவருக்குத் தெரிந்ததாம். "நீங்க டீசல் போட்டுக்கிட்டிருந்தப்ப அம்மா ஆபீஸ்ல போன் பண்ணிட்டு, எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க, சிரிச்ச முகம்" என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பிஸ்கட் வாங்கப் போனாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கையில் பிஸ்கட் பொட்டலத்தோடுதான் வந்தாள். அந்தப் பக்கம் எங்கள் கைப்பேசிகள் வேலை செய்யவில்லை, அது உண்மை. அப்படி யாருக்கு அவசரமாகப் போன் செய்திருப்பாள்? சின்னவளுக்காக இருக்குமோ? தங்கையிடம் ஏதாவது சொன்னாளோ? சொல்லியிருந்தால் சின்னவள் அன்றைக்கே என் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாளே.

நீ பயணத்தைப் பற்றிச் சின்னவளிடம் பேசும்போது, இதையும் பக்குவமாகக் கேட்டுப் பார். கேட்டு எழுது. வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மூத்த சகலை

*

மார்ச் 9

அண்ணே,

அண்ணி போன் செய்தது எனக்கு.

இந்த ஒரு வரியை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. நாலு தாளைக் கிழித்தேன். இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன், படித்துவிடுங்கள்.

அன்று மதியம் கடையில் கூட்டம். காய்ச்சல் பரவிய சமயம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணி டீசல் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்னார்கள். காலையிலிருந்து நெஞ்சில் ஒரு அழுத்தம், இடது தோள் கனக்கிறது, கொஞ்சம் வியர்க்கிறது என்றார்கள். "உங்க சகலைகிட்ட சொன்னா உடனே படகைத் திருப்பிடுவாரு. ஆசையா கிளம்பியிருக்காரு. அதான் உங்ககிட்ட கேக்கறேன்" என்றார்கள்.

நான் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் எண்ணெயில் பொரித்தது என்றார்கள். "வாயுவாத்தான் இருக்கும் அண்ணி. கைப்பையில இருக்கிற வயித்து மாத்திரையை ஒண்ணு போட்டுக்கிட்டுக் கொஞ்சம் படுங்க, சரியாயிடும்" என்றேன்.

"சரி, நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்கள்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. நெஞ்சழுத்தம், தோள், வியர்வை. கடைக்கு யார் வந்து இந்த மூன்றையும் சொன்னாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுதான் அனுப்புவேன். எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். அன்று நான் கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. முன்னால் நின்றவருக்கு மீதி மாத்திரை எண்ண வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருப்பியிருப்பேனே, ஏன் சொல்லலை, ஏன் சொல்லலை" என்று அழுதீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் வந்தாள். வந்தவள் உங்களைப் பார்த்துப் பேசவேண்டியதையெல்லாம் பேசினாள். அவள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வரவேயில்லை. மறுநாள் சொல்லலாம் என்றால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. ஒரு மாதம் கழித்து அது இன்னும் பெரிதாகிவிட்டது. அப்புறம் அப்படியே ஐந்து வருஷம்.

டீசல் துறையைத் தவிர்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். உங்களுக்காக இல்லை.

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தம்பி

*

மார்ச் 28

சகலைக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. உடனே எழுதினால் எழுதக்கூடாததை எழுதிவிடுவேன் என்று இருந்தேன்.

மாத்திரையைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. இதை நம்பு. அன்று காலை அவள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டதை நானும்தான் பார்த்தேன். சரியாகப் படுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னிடம் கேட்டிருந்தாலும் வாயு என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த டீசல் துறையிலிருந்து ஆஸ்பத்திரி காரில் பத்து நிமிஷம். எனக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரியும். அதை இனி யாரும் மாற்ற முடியாது.

எனக்கு ஆறாதது வேறு.

ஐந்து வருஷமாக நான் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்று ஏன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை? என்னிடம் சொல்லப் பயந்தாளா? சொன்னாலும் பாலம்தான் முக்கியம் என்று ஓட்டுவேன் என்று நினைத்தாளா? முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு நான் அப்படியா தெரிந்தேன்? சின்னவள் என்னைச் சொன்னதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். பெரியவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாளோ என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் சொல்லியிருக்கிறாள். உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அவரிடம் சொன்னால் உடனே படகைத் திருப்பிவிடுவார் என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வரி எனக்குச் சேரவேண்டியது. அதை நீ ஐந்து வருஷம் உன்னிடமே வைத்துக்கொண்டாய். கல்யாண மண்டப வாசலில் என் பக்கத்தில் நின்று காப்பி குடித்தபோதும் அது உன்னிடம்தான் இருந்தது.

ஒன்று கேட்கிறேன். டீசல்காரர் அந்த இரண்டு வரியை எழுதாமல் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாயா? ஏழு நாள் என்னோடு ஒரே படகில் வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாயா?

ஏப்ரல் பயணம் வேண்டாம். படகை மறுபடியும் தார்ப்பாய்க்குள் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சின்னவளிடம் சொல் என்றோ சொல்லாதே என்றோ நான் சொல்லமாட்டேன். அது உன் வீடு.

மூத்தவன்

*

ஏப்ரல் 8

அண்ணே,

உங்கள் கேள்விக்குப் பதில்: சொல்லியிருக்கமாட்டேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. இதற்கு மேலும் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

சனிக்கிழமை சின்னவளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "அக்கா என்ன சொன்னா, அப்படியே திரும்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நீங்கள் எழுதிய கடிதங்களையும் கடையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரிசையாகப் படித்தாள்.

பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்ம பொண்ணு கல்யாணத்துல அத்தான் வாசல்லயே நின்னாரே. அப்பவும் உங்களுக்குத் தெரியும், இல்ல?"

ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரத்துக்குச் சமைத்து மேசையில் வைத்தாள். இன்று மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறாள். ஒரு சின்னப் பையோடு போனாளாம். மகளுக்குப் போன் செய்தேன். அங்கே வரவில்லை, ஆனால் "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, தேடாதீங்க" என்கிறாள். அதற்கு மேல் அவளும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

அவள் சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளா என்று பார்த்தேன். எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

உங்களிடம் இதைக் கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும், அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்தால் ஒரு வரி போடுங்கள்.

தம்பி

*

ஏப்ரல் 14

சகலைக்கு,

சின்னவள் இங்கேதான் இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள். மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிடுகிறாள்.

எட்டாம் தேதி சாயங்காலம் வந்தாள். நான் படகுத் துறையில், தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "அத்தான்" என்றார்கள். ஐந்து வருஷமாகக் காதில் விழாத சொல். திரும்பிப் பார்க்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. மன்னிப்பு அது இது என்று அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "இதுல எப்படி ஏறணும்?" என்று கேட்டாள். கையைக் கொடுத்தேன். ஏறிவிட்டாள்.

பெரியவள் படுத்திருந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா கடைசியா என்ன பேசினா அத்தான்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்டதில்லை.

சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று மணி இருக்கும், உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பாலம் வந்துடுச்சா?" என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றேன். "இந்த பிஸ்கட் நமத்துப்போயிருக்கு, உங்களுக்கு வேணுமா?" என்றாள். அப்புறம் தருகிறாயா, கை அழுக்காக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான். நாலு மணிக்குப் பாலம் தூக்கியதும் வந்து பார் என்று கூப்பிட்டேன். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு தாண்டிவிட்டேன். சின்னவள் அதைக் கேட்டு அழுதாள். நானும் அழுதேன். பக்கத்துப் படகுக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாளைக் காலை கிளம்புகிறோம். இந்த வாரம் முழுவதும் அவளுக்குக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தேன். உன்னைவிட நன்றாகக் கட்டுகிறாள். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள மட்டும் அடம்பிடித்தாள், போடாவிட்டால் இன்ஜினை முடுக்கமாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் டீசல் துறையில் அந்த ஆபீஸுக்குள் போய் அக்கா பேசிய போனைப் பார்க்கவேண்டும் என்கிறாள். பார்க்கட்டும். அன்று மாலை நாலு மணிக்குப் பாலத்தைத் தாண்டுவோம். பிறகு வழியெங்கும் பெரியவள் டீ போட என்று குறித்துவைத்த இடங்களில் நின்று நின்று போவதாக ஏற்பாடு.

உனக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று அவளைக் கேட்டேன். யோசித்தாள். "இப்ப ஒண்ணும் இல்லை" என்றாள். அதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

திரும்பிய பிறகு அவள் உன் வீட்டுக்கு வருவாளா, மகள் வீட்டுக்குப் போவாளா என்று நான் கேட்கவில்லை. நீயும் என்னிடம் கேட்காதே. துறைக்கு வந்து நிற்கவும் வேண்டாம்.

உன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கெல்லாம் எனக்கு மிச்சமிருக்கும் ஆயுள் போதாது. ஆனால் பழையபடி எழுதவும் வரவில்லை. இந்தக் கடிதத்துக்கே எத்தனை தடவை எழுந்து போய்விட்டு வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முன்னால் உட்கார்ந்து மிதவைகளைப் பார்த்துச் சொல்வதற்கு என்று ஒரு சின்ன முக்காலி செய்துவைத்திருந்தேன். உன் உயரத்துக்குச் செய்தது. சின்னவளுக்குக் கால் எட்டவில்லை. இன்று மதியம் உட்கார்ந்து அதன் கால்களை அறுத்துச் சரிசெய்தேன்.

மூத்தவன்